‘இரு’ என்றொரு வினை

பாடம் நடந்தது தில்லைநகரில். படிப்பு நடந்ததோ ஸ்ரீரங்கத்துத் திண்ணையில்.

ஜெர்மன் மொழியில் முதல் மாதமே என்னை மடக்கிய வினைச்சொல் ‘ஸைன்’. ‘இரு’ என்று பொருள். தமிழில் ‘நான் மாணவன்’ என்றால் வாக்கியம் முடிந்தது. அங்கே ‘இஷ் பின்’ என்று வினை வந்தே தீரவேண்டும். அதை விட்டுவிட்டதால் முதல் தேர்வில் பாதி மதிப்பெண் போயிற்று. இஷ் பின், டூ பிஸ்ட், ஏர் இஸ்ட், வீர் ஸிண்ட்... ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யார் சொல்வார்கள்? ஒன்றாம் எண் பேருந்து காவிரிப் பாலம் கடக்கும்போதெல்லாம் எனக்கு இதே ஜபம்தான்.

மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன் என்று சொன்ன நாள்முதல் தாத்தா என்னோடு பேசுவதில்லை. ஒருநாள் அந்தி நேரம். நான் உருப்போட்டுக்கொண்டிருக்க, சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“இஸ்ட் என்னடா இஸ்ட்? நம்ம ‘அஸ்தி’தானே! ஸிண்ட் என்கிறாயே, அது ‘ஸந்தி’.”

வடமொழியும் ஜெர்மனும் தூரத்து உறவு என்று வகுப்பில் கேட்டதுண்டு. அன்றுதான் காதில் விழுந்தது. (பின்னும் பிஸ்ட்டும் ‘பவதி’யின் வேரோடு சேர்ந்தவை என்பதைப் பிறகு நூலகத்தில் கண்டேன்.)

“விளக்கு வைக்கிற நேரத்திலே அஸ்தியாம் அஸ்தி!” என்று பாட்டி உள்ளிருந்து அதட்டினாள்.

தாத்தா சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

“தாத்தா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். எங்கே, சொல்லு.”

“க்ரோஸ்ஃபாட்டர் இஸ்ட் இன் ஸ்ரீரங்கம்.”

“பாட்டியையும் சேர்த்தால்?”

“ஸிண்ட்.”

‘நீ?’ என்று மட்டும் அவர் கேட்கவில்லை.