மடித்துத் தைத்த இரண்டு அங்குலம்

தீபாவளிப் பண்டிகைக்கு எண்ணெய் ஸ்நானம், பலகாரம், பட்டாசு, இலேகியம் என்று எத்தனையோ அங்கங்கள் உண்டு என்றாலும், யாரைக் கேட்டாலும் தம்முடைய சிறுபிராயத்துத் தீபாவளியிலிருந்து முதலில் ஞாபகத்துக்குக் கொண்டுவருவது புதுவஸ்திரத்தைத்தான். நரக சதுர்த்தசியன்று விடிவதற்கு முன்னே, சுவாமி படத்தின் எதிரில் கோலமிட்ட மணைமீது வீட்டிலுள்ள அத்தனை பேருடைய துணிகளையும் அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சளும் குங்குமமும் தடவி வைத்திருப்பார்கள். தலை துவட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, குடும்பத்தில் மூத்தவர் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்க, வாங்கியவர் நமஸ்காரம் செய்து உடுத்திக்கொள்வது தஞ்சை ஜில்லாவில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இன்றும் விட்டுப்போகாத வழக்கம். இப்போது அந்த மணைமீது இருப்பவை பெரும்பாலும் கடையிலிருந்து ஆயத்தமாக வந்தவை. எங்கள் பாட்டி காலத்திலும் அம்மா காலத்திலும், ஆண்களின் வேஷ்டியையும் பெரியவர்களின் புடவையையும் நீக்கிவிட்டால், மற்றவை அனைத்தும் அந்த வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டு, அந்த வீட்டுப் பெண்களாலேயே தைக்கப்பட்டவை.

எங்கள் வீட்டில் தையற்காலம் விஜயதசமியன்று ஆரம்பமாகும். முதல் நாள் சரஸ்வதி பூஜையில் புஸ்தகங்களோடு கத்தரிக்கோலும் அளவு நாடாவும் ஊசிப்பெட்டியும் சேர்ந்து போய்விடும். தையல் மிஷினைத் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டு, சக்கரத்துக்கும் மேஜைக்கும் சந்தனக் குங்குமம் இட்டுப் பூச்சூட்டி வைத்துவிடுவார்கள். அன்று அறுந்த பொத்தானைத் தைப்பதற்குக்கூட ஊசியைத் தொடக்கூடாது. மறுநாள் பூஜையைப் பிரித்ததும், கற்கத் தொடங்குவதற்கு உகந்த தினம் என்பதால், வீட்டில் தையல் கற்கும் வயதில் பெண் குழந்தை இருந்தால் அதன் கையில் ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்து நாலு தையல் போடச் சொல்வார்கள். எனக்கு அம்மா ஓட்டுத் தையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒரு விஜயதசமியன்றுதான். அன்றைக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறக்குறைய இருபது நாட்கள். வெளியே ஐப்பசி மாதத்து அடைமழை. உள்ளே முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவிடிக்கும் வேலை. அந்த வேலைகளுக்கெல்லாம் இடையிலும், அவை யாவும் முடிந்து மற்றவர்கள் உறங்கப் போன பின்னும், மிஷின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

துணி எடுப்பதிலேயே ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் குழந்தைகள் பலர் இருந்த அந்நாட்களில், ஆளுக்கொரு தினுசாக எடுக்காமல், ஒரே சீட்டியில் ஒரு தான் முழுவதையும் வாங்கிவந்து, பையன்களுக்குச் சட்டையும் பெண்களுக்குப் பாவாடையும் கைக்குழந்தைக்கு ஜபலாவும் அதிலிருந்தே வெட்டுவார்கள். பெரியப்பா பிள்ளைக்கு ஒரு துணி, விதவையாகித் தாய்வீடு வந்துவிட்ட அத்தையின் பிள்ளைக்கு வேறொரு துணி என்ற பேதம் பண்டிகையன்று தெருவில் போகிற யார் கண்ணுக்கும் படாதபடி, அத்தனை குழந்தைகளும் ஒரே பூவும் ஒரே கோடும் போட்ட சட்டையணிந்து நிற்பதைச் சிக்கனம் என்று மட்டும் நினைப்பவர்கள் அதிலிருந்த கருணையைக் காணத் தவறுகிறார்கள். 1935இல் கைத்தறி நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கமாக ஏற்பட்டுப் பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் பிரசித்தியடைந்த ஸ்தாபனம் பண்டிகைக்குத் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கிய பிறகு, சீட்டியின் இடத்தில் கைத்தறிக் கட்டம் வந்தது. ஒரே தானிலிருந்து வெட்டுவது மட்டும் மாறவில்லை. யுத்த காலத்தில், 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்து, கைநிறையப் பணம் கொண்டுபோனாலும் வேண்டிய துணி கிடைக்காமற்போனபோது, பாட்டி தம் புடவைகளையே எடுத்துக் கத்தரித்தாராம். பண்டிகைக்குப் பழைய புடவையை வெட்டித் தைப்பது எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நிர்ப்பந்தத்தில் ஆரம்பித்தது. நிர்ப்பந்தம் நீங்கிய பிறகும் யாரும் அதை விட மனம் கொள்ளவில்லை.

பாட்டிக்கு மிஷின் தெரியாது. விளக்கடியில் அமர்ந்து, துணியின் விளிம்பைக் கால் கட்டைவிரலில் இடுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையாலேயே அவர் போட்ட ஓட்டுத் தையல், சாதாரணத் துணி கிழிந்தாலும் தான் விட்டுப்போகாத உறுதி படைத்தது. வீட்டுக்கு மிஷின் வந்தது அம்மாவின் காலத்தில். 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சிங்கர் என்பவரின் மிஷினும், பின்னர் கல்கத்தாவில் தயாராகி வந்த உஷா மிஷினும், தவணை முறையில் கிடைத்ததனால்தான் சாமானியக் குடும்பங்களின் கூடத்துக்குள் நுழைந்தன. யந்திரங்களைக் குறித்துக் கடுமையான அபிப்பிராயங்கள் கொண்டிருந்த காந்தியடிகள், 1924இல் ஒரு மாணவருடன் நடத்திய சம்பாஷணையில், விலக்காகத் தையல் மிஷினை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைக் கண்ட சிங்கர், அவள்மேல் கொண்ட அன்பினால் இதை உண்டாக்கினார் என்பது காந்தியடிகளின் நம்பிக்கை. சிங்கருடைய நோக்கம் வியாபாரமே என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். எது எப்படியாயினும், எங்கள் அம்மா பாதம் வைத்து மிதித்த மிஷினைப் பொறுத்தவரையில் காந்தியடிகள் சொன்னது முழு உண்மை என்று நான் சாட்சி சொல்வேன்.

அம்மா தைத்தவற்றுள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது பாவாடையில் அவர் வைக்கும் டக்கு. வளரும் பெண்ணுக்கு அந்த வருஷத்து உயரத்துக்குச் சரியாக வெட்டித் தைத்தால், அடுத்த தீபாவளிக்குள் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். ஆகவே துணியை வேண்டியதைவிட நீளமாக வெட்டிக்கொண்டு, கரைக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, சுற்றிலும் ஓர் அங்குல ஆழத்துக்கு மடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவார். ஓர் அங்குலம் மடித்தால் இரண்டு அங்குலத் துணி அதற்குள் அடங்கிவிடும். துணி தாராளமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டக்கு. ஆறு அங்குலம், அதாவது இரண்டு மூன்று வருஷத்து வளர்ச்சி, அந்தப் பாவாடைக்குள்ளேயே பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கும். ரவிக்கைக்கும் இதே முறைதான்; பக்கத் தையலில் இரு புறமும் துணியை உள்ளே விட்டு, இரட்டைத் தையலாகப் போட்டுவைத்தால், குழந்தை பருக்கப் பருக்க உட்தையலைப் பிரித்துவிட்டால் போதும்.

அடுத்த வருஷம் தையற்காலத்தில் முதல் வேலை, போன வருஷத்துப் பாவாடைகளை எடுத்து, ஒவ்வொரு பெண்ணையும் சுவரோடு நிறுத்தி உடுத்திப் பார்த்து, எத்தனை டக்கைப் பிரிப்பது என்று தீர்மானிப்பது. பிரித்த இடத்தில், ஒரு வருஷமாக வெயிலும் சவுக்காரமும் படாமல் மறைந்திருந்த துணி, கடையில் வாங்கிய நாளின் நிறத்தோடு ஒரு பட்டையாக வெளிப்படும்; அதற்கு மேலும் கீழும் இருப்பது சற்று வெளுத்திருக்கும். பருத்தியில் அந்தப் பட்டை இரண்டு மூன்று சலவையில் கலந்துபோகும். பட்டில் போகாது, ஊசி நுழைந்த துளைகள்கூட வரிசையாக நின்றுவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்தே, இது அக்கா ஏழாம் வயதில் உடுத்தியது, இது நான் உடுத்தியபோது பிரித்தது, இது தங்கைக்காக மறுபடியும் மடித்தது என்று அம்மாவால் சொல்ல முடியும். குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைக்கும் வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்குப் பாவாடைகளில் இருந்தது. இந்தப் பெண் வளர்வாள், அடுத்த தீபாவளிக்கும் இந்த வீட்டில் இருப்பாள், அப்போது இதைப் பிரித்துவிட நானும் இருப்பேன் என்ற நம்பிக்கை ஒவ்வொரு டக்கிலும் ஒரு பிரார்த்தனையைப் போல மடிந்து கிடந்தது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். கடையில் விற்கும் உடுப்பு, வாங்கும் நாளில் உடம்புக்குப் பொருந்துவதற்கென்றே தைக்கப்படுவது. அதற்குள் அடுத்த வருஷத்துக்கு இடம் இல்லை.

பட்டுப்பாவாடைக்குப் புதுத்துணி எடுப்பது எங்கள் வீட்டில் அபூர்வம். பாட்டியின் கல்யாணத்துக்குக் கூறைநாட்டில் நெய்து வாங்கிய கூறைப்புடவையும், பின்னர் ஒவ்வொரு சீமந்தத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் வந்த காஞ்சிபுரம் புடவைகளும், மடித்த மடிப்பிலேயே இழைவிட ஆரம்பிக்கும் பருவத்தில், இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேட வேண்டும். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக எடைபோட்டு எடுத்துக்கொள்வார். ஜரிகை உருக்கப்பட்டு வெள்ளியாகும், மற்றது ஒன்றுமில்லாமற்போகும். மற்றொரு வழி, கத்தரிக்கோல். ஆறு கஜப் புடவையின் இரு பக்கமும் கரை ஓடுகிறபடியால், அதை நீளவாட்டில் நடுவே பிளந்தால், ஒவ்வொரு பாதியின் அடியிலும் ஒரு கரையோடு இரண்டு சிறுமிகளுக்குப் பாவாடை கிடைக்கும். உடலில் நைந்த இடங்கள் இடுப்புச் சுருக்குக்குள் மறையும்படி தள்ளி வைத்து, கெட்டியாக இருக்கும் தலைப்பில் இருவருக்கும் ரவிக்கை வெட்டி, கையில் ஜரிகைப் பட்டை வரும்படி திருப்பிப் போட வேண்டும். கரையைத் தனி ஓடத்தால் கோத்து நெய்த கோர்வைப் புடவையானால், உடல் முழுதும் நைந்துபோனாலும் கரை திடமாகவே நிற்கும். அதைப் பிரித்தெடுத்து வேறொரு துணியின் அடியில் வைத்துத் தைக்கலாம். முதல் வெட்டு வெட்டுவதற்கு முன் அம்மா அந்தப் புடவையைப் பாட்டியின் கையில் ஒரு தரம் கொடுத்து வாங்குவார். பாட்டி அதன்மேல் உள்ளங்கையால் தடவிவிட்டு, “வெட்டு” என்பார். வேறொன்றும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறந்த குழந்தைக்குக் கோடித்துணி உடுத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றிருக்கும் பழந்துணியில்தான் முதலில் சுற்றுவது நம் வழக்கம். தூளி கட்டுவதும் பாட்டியின் புடவையில்தான். பழையதைக் கொண்டு புதியவரை வரவேற்கும் அதே வழக்கத்தின் மறு அங்கமாகவே இந்தப் பட்டுப்பாவாடையை நான் பார்க்கிறேன்.

பிற மதத்தினர் வீடுகளிலும் பண்டிகைக்கு இந்தத் தையல் நடப்பதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் ஆசிரியை நாகர்கோவில்காரர். 1820களில் அங்கே மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய லேஸ் பின்னலை, தம் தாயாரிடமிருந்து கற்றவர். கிறிஸ்துமஸுக்கு முன் மதிய இடைவேளைகளில், சிறு தலையணைமேல் குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டு, தம் மக்களுடைய கவுனுக்கு லேஸ் பின்னுவார். எங்களுக்கு அவர் கற்பித்ததெல்லாம் ஓட்டுத் தையல், எம்மிங், காஜா, ஒட்டுப்போடுதல் என்று ஒவ்வொன்றையும் சிறு சதுரத் துணியில் தைத்து நோட்டுப் புஸ்தகத்தில் ஒட்டுவதுதான் என்றாலும், அந்தத் தலையணையைப் பார்த்துக்கொண்டு நின்ற மதியங்களில் நான் கற்றுக்கொண்டது அதிகம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வேலை யாருடைய உறக்கத்திலிருந்து பறிக்கப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். பகலெல்லாம் அடுப்படியில் நின்ற ஒருவர், இரவில் கண் எரிய ஊசியில் நூல் கோத்து, தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவில் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து, இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து வெந்நீர்த் தவலையை அடுப்பில் ஏற்றினார். தமக்கென்று ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ள நேரமில்லாமல், பழைய ரவிக்கையையே துவைத்து மஞ்சள் தடவி உடுத்திக்கொண்ட வருஷங்களும் உண்டு. அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. இன்று வேலைக்குப் போய்வரும் பெண்கள் கடையில் வாங்கி உடுத்துவதில் குறை காண எனக்கு மனம் வராது. சொல்லப்போனால் அம்மாவுக்கு அந்த வசதி இருந்திருந்தால் அவருடைய கண்கள் இன்னும் சில காலம் தெளிவாக இருந்திருக்கும். நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாதது ஒன்றே ஒன்று: வருஷத்துக்கு ஓர் உருப்படியாவது குழந்தைக்கென்று வீட்டில் தைக்கப்பட வேண்டும், அதைத் தைக்கும் பொறுப்பு, பெண் ஆண் என்ற பேதமில்லாமல், வீட்டில் கற்றவர் எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

என் மகன் காஜா எடுப்பான். மருமகளுக்கு வெட்டுவதில் நல்ல கணக்கு உண்டு. பேத்திக்கு வருஷந்தோறும் ஒரு பாவாடை நான் தைக்கிறேன். அளவு தொலைபேசியில் வருகிறது. அடுத்த வருஷம் அவள் இதை உடுத்த மாட்டாள், டக்கு எதற்கு என்று மருமகள் கேட்பது நியாயந்தான். ஆனாலும் வைத்தே அனுப்புகிறேன். இந்தத் தடவை விடுமுறைக்கு வந்த பேத்தி, என் அம்மாவின் புடவையில் தைத்த பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி, அது கணுக்காலுக்கு மேலே நிற்பதைப் பார்த்து, “நானே பிரிக்கட்டுமா பாட்டி?” என்று கேட்டாள். பட்டு ஆகையால் பிளேடு கூடாது என்று சொல்லி, மெல்லிய ஊசி ஒன்றைக் கொடுத்தேன். நாலு தையலுக்கு ஒன்றாக மேல்நூலை நெம்பி அறுத்துக்கொண்டு போய், பிறகு துணியைத் திருப்பி, கீழ்நூலை ஒரே இழையாக உருவ வேண்டும். இழுக்கும்போது தடைபட்டால் பலங்கொண்டு இழுக்காமல், எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து அந்த ஒரு தையலை மட்டும் எடுக்க வேண்டும்.