தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பெஸ்தாரி ஜெயாவைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தெனமாரம் இங்கேதான் 1917இல் உருவானது. அந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகை ஒன்றில், சக்கரம் கழற்றிய புரோட்டோன் சாகா ஒன்றின் அடியில் படுத்திருந்தார் நான் தேடிப்போன மெக்கானிக். தோட்டத்து டிராக்டர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர்.

மலேசியாவின் முதல் தேசியக் காரான சாகா 1985 ஜூலை 9இல் அறிமுகமானது. அதன் உடலும் இன்ஜினும் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயிலிருந்து வந்தவை. "அப்புறம் என்ன நம்ம காடி?" என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பல தோட்டத்துக் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து ஏறிய முதல் கார் இதுதான். அதைத் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பதும் இந்த மெக்கானிக்கைப் போன்றவர்களின் கைகள்தான்.

துருதான் எதிரி. சக்கர வளைவுக்குள் ஒட்டிய சேறு ஈரத்தை விடாது. கதவு ரப்பர் வெடித்தால் மழைத்தண்ணீர் கம்பளத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். மெக்கானிக் கம்பளத்தைத் தூக்கி, சுத்தியல் பிடியால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட ஓசை ஓரிடத்தில் மந்தமானது. அங்கே சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார்.

"புட்டி பூசினா பளபளன்னு இருக்கும் தம்பி. துரு உள்ளேர்ந்து திரும்பக் கிளம்பிடும். வெட்டி எடுத்தாத்தான் தீரும். ஆனா காசு கூட ஆகும்னு பலபேர் புட்டிதான் கேக்கறாங்க."

"நீங்க என்ன செய்வீங்கண்ணே?"

"சொல்லிப் பார்ப்பேன். கேக்கலன்னா வேற பட்டறைக்கு அனுப்பிடுவேன்."

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். ஓட்டையின் அளவைக் காகிதத்தில் எடுத்து, புதுத் தகட்டை அதேபோல் கத்தரித்து, அடியில் இரும்புக் கட்டியை அணைகொடுத்துத் தட்டி வளைத்தார். பற்றவைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, நடுவே ஈரத்துணி ஒத்தடம். பிறகு அரைத்து, துருத் தடுப்புச் சாயம்.

இன்ஜின் பக்கம் கவலை குறைவு. 1992இல் வந்த இஸ்வரா அதே அடித்தளத்தில் 2008 வரை தயாரானதால், பொருந்தும் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. சில இளைஞர்கள், பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து வேகமான ஜப்பான் இன்ஜினை வாங்கி மாட்டச் சொல்கிறார்களாம். எனக்கு அதில் ருசியில்லை. கார்பரேட்டர் வைத்த பழைய 1.3 லிட்டர் இன்ஜினோடு ஓடினால்தான் அது சாகா.

உங்கள் வீட்டுப் பின்புறம் ஒன்று நின்றுகொண்டிருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் கம்பளத்தைத் தூக்கித் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கணீரென்று கேட்டால் விற்காதீர்கள்.