சண்டை அவங்களுக்குள்ளே... சம்மன் இவங்களுக்கு!

பக்கத்து வீட்டில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். வம்பே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவரைக் கூப்பிட்டு, "உங்க வீட்டு வரவு செலவு நோட்டைக் கொண்டு வாங்க" என்றால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் வால்வ் என்ற கேம் நிறுவனத்துக்கு அப்படித்தான் ஆனது.

2020 ஆகஸ்ட் 13. 'ஃபோர்ட்நைட்' கேமை உருவாக்கிய எபிக் கேம்ஸ், ஆப்பிளுக்கு 30 சதவிகிதக் கமிஷன் போகாமல் தனக்கே நேரடியாகப் பணம் கட்டும் வசதியை ஆப்புக்குள் கொண்டுவந்தது. அன்றே ஆப் ஸ்டோரிலிருந்து ஃபோர்ட்நைட்டை ஆப்பிள் தூக்கியது. அன்றே எபிக் கோர்ட்டுக்குப் போனது.

இதில் வால்வ் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஆனால், கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் 'ஸ்டீம்' என்ற ஆன்லைன் கடை அதனுடையது. எபிக்கும் அதேபோல ஒரு கடை நடத்துகிறது. கேம் விற்கத் தன் ஆப் ஸ்டோரை விட்டால் வேறு கடைகளும் உண்டு, போட்டியும் உண்டு என்று நிரூபிக்க ஆப்பிளுக்கு ஸ்டீமின் கணக்கு தேவைப்பட்டது. வந்தது 'சப்பீனா', அதாவது ஆவணங்களைக் கேட்டு ஒரு சம்மன். முதலில் கேட்டது 30,000-க்கும் மேற்பட்ட கேம்களின் விவரம்!

வால்வ் பங்குச்சந்தைக்கு வராத தனியார் நிறுவனம். விற்பனைக் கணக்கை வெளியில் சொல்கிற வழக்கமே அதற்கு இல்லை. போன் விற்பதும் இல்லை. சம்பந்தமில்லாத வழக்குக்காக இத்தனையையும் திரட்டிக் கொடுப்பது பெரிய சுமை என்று மறுத்தது.

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் இதற்கென்றே 'விதி 45' இருக்கிறது. ஆவணம் கேட்டு சம்மன் வந்தால், 14 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லலாம். சம்மனில் சொன்ன கெடு அதற்கு முன்பே முடிந்தால், அதற்குள் சொல்லிவிட வேண்டும். சுமை அளவுக்கு மீறியது என்றால் சம்மனை ரத்து செய்ய, திருத்த கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தொழில் ரகசியத்துக்கும் பாதுகாப்பு கேட்கலாம்.

2021 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் மாஜிஸ்திரேட் நீதிபதி தாமஸ் ஹிக்ஸன் முன் விவகாரம் வந்தது. ஆப்பிள் எல்லாப் பக்கமும் சம்மனை இறைத்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லை என்ற அர்த்தத்தில் அவர் ஆறுதல் சொன்னார். ஆனால், கணக்கைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று உத்தரவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் வால்வ் தோற்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. 30,000-க்கும் மேல் என்று ஆரம்பித்தது, இழுபறிக்குப் பிறகு 436 கேம்களில் வந்து நின்றது. 2015-லிருந்து கேட்ட கணக்கை, 2017-லிருந்து கொடுத்தால் போதும் என்று நீதிபதி குறைத்தார். வாயைத் திறந்ததால் மிச்சமானது அது.

வால்வுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. இதே சம்மன் பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரு சின்ன கம்பெனிக்குப் போயிருந்தால்? பயத்தில் பீரோவையே திறந்து கொட்டியிருக்கும். இல்லையென்றால், 'நமக்கென்ன' என்று தபாலை ஓரமாக வைத்துவிட்டு, கோர்ட் அவமதிப்பில் மாட்டியிருக்கும். 'இதைத் தரலாம், இதைத் தர முடியாது' என்று பதில் எழுத வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சண்டை யாருடையதாக இருந்தாலும், அந்த 14 நாள் தபாலை வாங்கியவருடையது.