பத்திரமும் கரிக்கோடும்

மேகக் கணிமையில் வேலை செய்கிறவர்களின் திரையில் இருவகை மென்பொருள்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒன்று டெர்ராஃபார்ம் போன்றது. வழங்கிகளும் வலையமைப்புகளும் தரவுத்தளங்களும் எப்படி இருக்கவேண்டும் என்று வரிவரியாக எழுதிவைப்பதற்கானது. மற்றது மிரோ, எக்ஸ்காலிட்ரா போன்ற மின்பலகை. அதே கட்டமைப்பைப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து பேசுவதற்கானது. வீடு ஒன்றுதான். முன்னது அதன் பத்திரம், பின்னது கட்டுமுன் திண்ணைச் சுவரில் இழுத்துப் பார்த்த கரிக்கோடு.

2014இல் வெளிவந்த டெர்ராஃபார்மின் பெரிய குணம், அது கணக்குக் கேட்பது. நாம் எழுதியதையும் தன் நினைவுக்கோப்பில் இருப்பதையும் உண்மை நிலவரத்தையும் ஒப்பிட்டு, எதைச் சேர்க்கும், எதை மாற்றும், எதை அழிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சம்மதம் கேட்கிறது. அதன் பொறுப்பிலுள்ள ஒரு வழங்கியின் அமைப்பை யாரேனும் கையால் மாற்றியிருந்தால், அடுத்த கணக்கில் அது வெளிப்பட்டுவிடும். மின்பலகைக்கு அந்தக் கண் இல்லை. என்றோ அகற்றப்பட்ட தரவுத்தளம் அதில் இன்னும் நீலப்பெட்டியாக நின்றுகொண்டிருக்கும்.

ஆனால் நிரல் வரிகள் சொல்லாத ஒன்றைப் பலகை சொல்கிறது: ஏன் என்பதை. கைவிட்ட வழிகளும் கேள்விக்குறிகளும் அதில்தான் மிஞ்சுகின்றன. 2020இல் தொடங்கிய எக்ஸ்காலிட்ரா வேண்டுமென்றே கை நடுங்கியதுபோலக் கோடு போடுகிறது. முடிந்துவிட்டதாகத் தோன்றும் படத்தின் முன் இளையவர்கள் பேசத் தயங்குவார்கள். கிறுக்கலின் முன் துணிந்து மறுப்பார்கள். எனக்கு அந்தக் கோணல் கோடு பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

இவை யாருடைய சுவர்கள் என்ற கேள்வியை அண்மை ஆண்டுகள் எழுப்பிவிட்டன. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெர்ராஃபார்மின் கட்டற்ற உரிமத்தைக் கைவிட்டு, போட்டியாளர்களின் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உரிமத்துக்கு மாறியது. எதிர்த்தவர்கள் கடைசிக் கட்டற்ற மூலநிரலிலிருந்து கிளை பிரித்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்டோஃபுவை உருவாக்கினார்கள். 2024 ஜனவரியில் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. 2025இல் ஐபிஎம் ஹாஷிகார்ப்பை வாங்கி முடித்தது. கடை கைமாறியது, எழுதிவைத்த வரிகள் எழுதியவர்களிடமே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது.

கூகுளின் ஜாம்போர்ட் 2024 இறுதியில் மூடப்பட்டபோது நேர்ந்தது வேறு. பிடிஎஃப் கோப்பாக மிஞ்சிய பலகையில் ஓர் அம்பைக்கூட நகர்த்த முடியாது. உரையாடல் புகைப்படமாகிவிட்டது.

வரைவதெல்லாம் அழியும் என்று இதற்குப் பொருளில்லை. எக்ஸ்காலிட்ரா கட்டற்ற மென்பொருள். அதன் கோப்பு வெறும் உரைதான். நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே படத்தையும் வைத்து, ஒன்றைத் திருத்தும்போது மற்றதையும் திருத்தலாம். வசதிகளின் பட்டியலில் மிரோ பல படி மேலே நிற்கிறது, மறுக்கவில்லை. என்றாலும் பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து இதை ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்கக்கூடிய இடங்களில், நான் கோணல் கோட்டையே தேர்வேன்.