அப்பாவின் பட்டறைக்கு ஒரு வெல்டிங் இயந்திரம்

சுங்கை வே என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலைகள்தாம். 1971-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தபின், 1970-களின் தொடக்கத்தில் இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் குடும்பங்கள் ஏராளம். ஆனால், அந்தப் பெரிய கட்டடங்களுக்குப் பின்னால் சந்து சந்தாக இயங்கிய சிறு பட்டறைகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை. என் அப்பா அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் 26 ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். உணவகங்களுக்கான எவர்சில்வர் தொட்டி, மேசை, அடுப்பின் மேல் வைக்கும் புகைக்கூண்டு ஆகியவை அவர் கையில் உருவானவை.

அந்தப் பட்டறை வெகு தொலைவுக்கு இடம் மாறியபோது அப்பாவுக்கு வயது 57. தினமும் இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் போய் வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. வீட்டு முன்புறக் கொட்டகையிலேயே சிறிதாகத் தொழில் தொடங்கலாம் என்று முடிவு செய்தார். சேமநிதிப் பணத்திலிருந்து 5,000 வெள்ளியை அம்மா ஒதுக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

“தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ் போகணும். இதுக்கு மேல ஒரு காசு எடுக்கக்கூடாது. பாப்பா, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, நீயே பாத்து ஒரு மிஷின் சொல்லு.”

எங்கள் துறையில் கணக்குகள் நிறைய உண்டு. ஆனால், விடை பிழையானால் வீட்டுப் பணம் போய்விடும் என்ற கணக்கை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. அப்பாவுக்கும் இது புதிதே. 26 ஆண்டுகள் அவர் பிடித்த இயந்திரம் தவுக்கே வாங்கி வைத்தது. கையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். கடையில் நின்று விலை பேசி இயந்திரம் வாங்க அவருக்கு வாய்ப்பே அமைந்ததில்லை.

டிக் வெல்டிங் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் இதை ஆர்கன் வெல்டிங் என்பார்கள். டங்ஸ்டன் முனைக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே மின்வில் எரியும். டங்ஸ்டன் ஏறக்குறைய 3,400 பாகை செல்சியஸ் வரை உருகாது. எனவே முனை கரையாமல் தகடு மட்டும் உருகும். சுற்றிலும் ஆர்கன் வாயு பாய்ந்து காற்றை அண்டவிடாமல் காக்கும். தேவைப்பட்டால் மறுகையால் நிரப்புக் கம்பியை ஊட்டலாம். அமெரிக்காவில் நார்த்ராப் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தைப் பற்றவைக்க இம்முறையை உருவாக்கி, 1942-இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது ஹீலியம். விமானத்துக்காகப் பிறந்த தொழில்நுட்பம்தான் இன்று நம் வீட்டு எவர்சில்வர் கேட்டையும் ஒட்ட வைக்கிறது.

கடைகளில் ஏறி இறங்கியபோது எங்கள் முன் நின்ற முதல் கேள்வி, நேர்மின்னோட்டம் மட்டும் தரும் இயந்திரமா, மாறுமின்னோட்டமும் தரும் இயந்திரமா என்பதே. எவர்சில்வருக்கும் இரும்புக்கும் நேர்மின்னோட்டம் போதும். அலுமினியத்தின் கதை வேறு. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். அந்தத் தோலை உடைக்க மாறுமின்னோட்டம் வேண்டும். நாங்கள் விசாரித்த கடைகளில் அத்தகைய இயந்திரத்தின் விலை மற்றதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது.

அப்பாவின் கண் அதன் மேல்தான் இருந்தது. “அலுமினியமும் அடிக்கலாம் பாப்பா. தைப்பூசத்துக்குக் காவடி செய்யலாம். தூக்குறவங்களுக்குப் பாரம் குறையும்,” என்றார். வாழ்நாளில் வாங்கப்போகும் ஒரே இயந்திரம். அது எல்லாம் செய்ய வேண்டும் என்ற அவரின் ஆசையில் நியாயம் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. கடந்த ஓராண்டில் அக்கம் பக்கத்தார் வந்து கேட்ட வேலைகளை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். கேட் கீல், சன்னல் கிராதி, கோயில் விளக்குத் தண்டு, கடைக்கார அண்ணனின் தேநீர்த் தொட்டி என்று 31 வேலைகள் வந்தன. அவற்றில் அலுமினியம் மூன்றே மூன்று. அப்பா பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, “இந்த மூணையும் பூச்சோங்ல இருக்கற என் கூட்டாளிகிட்ட அனுப்பிடலாம்,” என்று அவரே சொன்னார்.

அடுத்தது ஆம்பியர். பெட்டியின் மேல் 200 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் நமக்கு எவ்வளவு தேவை? ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. அப்பா கையாளும் தகடு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். ஆகவே 120 ஆம்பியரைத் தாண்டும் வேலை அரிது. மெல்லிய தகட்டுக்கு உச்ச எண்ணைவிட, எவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் வில் அணையாமல் எரிகிறது என்பதே முக்கியம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு விழுக்காடு இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் இயந்திரம் உழைக்கலாம் என்பதை அது சொல்கிறது. 200 ஆம்பியரில் 25 விழுக்காடு என்றால், இரண்டரை நிமிடம் வேலை, ஏழரை நிமிடம் ஓய்வு. அதே இயந்திரத்தை 100 ஆம்பியரில் ஓட்டினால் ஏறக்குறைய நிற்காமல் உழைக்கும். ஏனெனில், மின்னோட்டம் பாதியானால் உள்ளே பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. அந்த அளவீடு எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அனைத்துலகத் தரம் கேட்பது 40 பாகை. குளிர்ந்த அறையில் அளந்த எண், நம் ஊர்த் தகரக் கொட்டகையில் நிலைக்காது.

மின்வில்லை மூட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. மலிவானவற்றில் முனையைத் தகட்டில் உரச வேண்டும் அல்லது தொட்டு எடுக்க வேண்டும். அப்போது டங்ஸ்டன் துணுக்கு தகட்டில் ஒட்டிக்கொள்ளலாம். உயர் அதிர்வெண் மூட்டல் உள்ளதில் தொடாமலேயே வில் பற்றும். உணவு படும் தொட்டிகளைச் செய்யும் அப்பாவுக்கு அதுதான் பொருத்தம். அணைத்த பிறகும் சில விநாடிகள் ஆர்கன் பாயுமாறு அமைக்கும் வசதியும் வேண்டும். இல்லையென்றால் சூடான டங்ஸ்டனும் தையலின் கடைசிப் புள்ளியும் கருத்துவிடும்.

இயந்திரத்தை விடவும் நான் அதிக நேரம் செலவிட்டது சுவரில் இருக்கும் மின்செருகியின் மீது. வீட்டுச் செருகி 13 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். டிக் முறையில் 80 ஆம்பியருக்கு வில் எடுப்பது ஆயிரத்துச் சொச்சம் வாட். இயந்திரத்தின் இழப்பைச் சேர்த்தாலும் தாங்கும். ஆனால், அதே இயந்திரத்தில் குச்சி வெல்டிங்கும் செய்யலாம். தடித்த இரும்புக்கு 160 ஆம்பியர் வைத்தால் வில் மட்டுமே 4,000 வாட்டைத் தாண்டும். எனவே, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு முதன்மைப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்தோம். கம்பியின் தடிமனையும் முறிப்பானையும் அவரே முடிவு செய்தார்.

வாயுச் செலவையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். 40 லிட்டர் தோம்பில் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 6,000 லிட்டர் ஆர்கன் இருக்கும். நிமிடத்திற்கு 8 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். 10 லிட்டர் தோம்பு விலையில் குறைவு. ஆனால், மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும். தோம்பின் தோளில் பொறித்த பரிசோதனைத் தேதியைப் பார்த்து, மறுமுறை எங்கே நிரப்புவது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். ஆர்கன் காற்றைவிடக் கனமானது. நிறமோ மணமோ இல்லை. மூடிய அறையில் கசிந்தால் மூச்சுக் காற்றை வெளியேற்றிவிடும். ஆகவே தோம்பைத் திறந்த கொட்டகையில் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டினோம்.

உடல்நலச் செலவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் வகைப்படுத்தியது. எவர்சில்வர் புகையில் நச்சுத்தன்மை மிக்க குரோமியம் சேர்மமும் கலந்திருக்கும். “இத்தன வருஷமா சும்மாதானே அடிச்சேன், என்ன ஆச்சு?” என்று அப்பா சிரித்தார். “ஆகக்கூடாதுன்னுதான்பா சொல்றேன்,” என்றேன். வடிகட்டி உள்ள முகமூடியும், தானே இருளும் தலைக்கவசமும் வாங்கினோம். அவர் பழகிய சிவப்பு முனை டங்ஸ்டனில் இரண்டு விழுக்காடு தோரியம் உண்டு. அது கதிரியக்கம் கொண்டது. முனையைத் தீட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதற்குப் பதிலாக லாந்தனம் கலந்த நீல முனையை வாங்கினோம். ஒரு வாரம் பழகியபின், “பரவால்ல, நல்லாத்தான் நிக்குது,” என்றார்.

முடிவில் கணக்கு இப்படி வந்தது. இயந்திரம் 950 வெள்ளி. வாயுத் தோம்பும் அழுத்தமானியும் 870. மின்கம்பி வேலை 450. தலைக்கவசம் 250. முகமூடி, கையுறை, டங்ஸ்டன், நிரப்புக் கம்பி 330. மொத்தம் 2,850 வெள்ளி. கவனியுங்கள், இயந்திரத்தின் விலை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 2,600 வெள்ளி இயந்திரத்தை வாங்கியிருந்தால் செலவு 4,500 ஆகியிருக்கும். தகடு வாங்கவே கை காய்ந்திருக்கும். மலிவான இயந்திரம் என்பது விலைச்சீட்டில் குறைந்த எண் கொண்டது அன்று. கம்பி, வாயு, பாதுகாப்பு அனைத்தையும் சேர்த்த பிறகும் தொழில் தொடங்கக் கையில் பணம் மிச்சம் வைப்பதே மலிவானது. கைப்பிடி உதிரிகள் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் பொது அளவா, பழுதானால் பக்கத்தில் பார்ப்பவர் உண்டா என்பவையும் அந்தக் கணக்கில் சேரும்.

மீதிப் பணத்தில் 1,000 வெள்ளியை எவர்சில்வர் தகட்டுக்கு வைத்துக்கொண்டு, 1,150-ஐ அப்பா அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தங்கையின் பெயர் எழுதிய உறையில் வைத்தார். ஆறாவது மாதத்தில் இயந்திரத்தின் விலை வேலையிலிருந்தே திரும்பி வந்தது.

நண்பர்களே, நம்மில் பலரின் வீட்டில் இப்படி ஒரு கைத்தொழிலாளி இருக்கிறார். தச்சர், மின்பணியாளர், வாகனம் பழுது பார்ப்பவர் எனச் சான்றிதழ் இல்லாத வல்லுநர்கள். தொழிலை அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. பெட்டி மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் சிறிய எழுத்தைப் படித்துச் சொல்வதும், செலவை முழுதாகக் கூட்டிக் காட்டுவதும் நம்மால் முடியும். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் யார் யார் என்ன வேலை கேட்டு வந்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள். எதை வாங்கலாம் என்பதற்கு விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.