கிண்டி டு தரமணி: டிகிரி ஒரு ரூட்டு... வேலை ஒரு ரூட்டு!

ஃபைனல் இயரா நீங்க? அப்போ ஒரு சனிக்கிழமை காலையில வெயிலுக்கு முன்னாடி கிளம்பி வாங்க. கிண்டி ஸ்டேஷன்ல இறங்கி, சர்தார் பட்டேல் ரோட்டுல கிழக்குப் பக்கமா நடையைக் கட்டுங்க. மத்திய கைலாஷ் வந்ததும் வலது பக்கம் திரும்பி, டைடல் பார்க்கைத் தொட்டுட்டா பயணம் ஓவர். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர்தான்.

அப்படி என்ன இருக்கு அந்த ரோட்டுல? பீச் இல்லை, ஷாப்பிங் மால் இல்லை. ஆனா, 'படிச்ச படிப்புக்குத்தான் வேலைக்குப் போகணுமா?'னு உங்களை ராத்திரி தூங்க விடாம பண்ணுற கேள்வி இருக்கே... அதுக்கான பதில்கள் இந்த ரோட்டுல வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பதில். அதான் விசேஷமே!

முதல் ஸ்டாப், கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. 1794-ல நிலம் அளக்கக் கத்துக்கொடுக்கிற சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது இது. இந்த இடத்துக்குக் குடிவந்தது 1920-ல. இன்னிக்கு உள்ளே கம்ப்யூட்டர் சயின்ஸ் ஓடுது. காலேஜே எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்து நிக்குது பாருங்க!

1940-கள்ல இங்கே மெக்கானிக்கல் படிச்சவர் வர்கீஸ் குரியன். அரசாங்க ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போய்ப் படிச்சார். அதுக்கு ஈடா, 1949-ல குஜராத்தின் ஆனந்த் ஊர்ல இருந்த அரசுப் பால்பண்ணைக்கு அனுப்பினாங்க. பிடிக்காமதான் போனார். ஆனா, அங்கே விவசாயிகளோட கூட்டுறவுச் சங்கத்துல தகராறு பண்ணின மெஷின்களைப் பார்த்துக்கொடுக்கப் போனவர், அங்கேயே தங்கிட்டார். அந்தச் சங்கம்தான் இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச அமுல். மெக்கானிக்கல் இன்ஜினீயர், 'பால்காரர்' ஆன கதை இது. கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்த் கூட இதே காலேஜ்ல எலெக்ட்ரிக்கல் படிச்சவர்தான்!

"பார்த்தீங்களா, டிகிரிக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை"னு உடனே விசில் அடிச்சுடாதீங்க. குரியன் மெக்கானிக்கலைத் தூக்கிப் போட்டுட்டுப் போகலை. அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போனார். மெஷின் தெரிஞ்ச கையாலதான் அந்தச் சங்கத்துக்குள்ள நுழைய முடிஞ்சது. வித்தியாசம் புரியுதா?

அடுத்து, காந்தி மண்டபம் ரோட்டுல இடது பக்கம் திரும்பினா கோட்டூர்புரம். 2010-ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதி ஒண்ணு இருக்கு. எட்டிப் பாருங்க. ஊசி விழுந்தா சத்தம் கேட்கும். அத்தனை பேரும் பாலிட்டி, எகானமி, இந்திய வரலாறுன்னு மூழ்கிக் கிடப்பாங்க. அவங்ககிட்ட என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டா, மெக்கானிக்கல், சிவில், அக்ரி, பல் மருத்துவம்னு விதவிதமா பதில் வரும். சிவில் சர்வீஸ் எக்ஸாமுக்கும் குரூப் 2-க்கும் ஏதாவது ஒரு டிகிரி போதுமே!

வெளியே டீ குடிக்கிறப்போ பேச்சுக் கொடுத்த ஒரு அண்ணன், மெக்கானிக்கல் முடிச்சவர். மூணாவது அட்டெம்ப்ட். "எக்ஸாம் கூட பயம் இல்ல தம்பி. ஊர்லேருந்து அப்பா போன் பண்ணி, 'என்னப்பா பண்ற?'ன்னு கேட்பார் பாருங்க... அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் தயார் பண்ணிட்டு இருக்கேன்"னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். டீ ஆறிப்போச்சு.

"வர்ற வருஷமும் இல்லைன்னா?"ன்னேன். "ஒரு தேதி வெச்சிருக்கேன். அதுக்கு மேல இல்ல. தேதி வைக்காம உள்ளே வந்தவங்க சில பேர் இன்னும் உள்ளேயே இருக்காங்க." இதைக் குறிச்சு வெச்சுக்கங்க. ஃபீல்டு மாறுறது தப்பே இல்லை. எவ்வளவு நாள் மாறிக்கிட்டே இருக்கப் போறோம்னு தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து.

திரும்ப மெயின் ரோட்டுக்கு வாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் வரும். இங்கே கொஞ்சம் சத்தம் இல்லாம நடங்க. கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கூடையோட உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் பார்த்தாலே புரியும். 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில உருவானது. அடுத்த வருஷமே வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. 2021-ல இறக்கிற வரைக்கும், அறுபது வருஷத்துக்கு மேல, இதே இடம், இதே நோயோட சண்டை. ஃபீல்டு மாறுறதைப் பத்தி அவர்கிட்ட யார் கேட்டிருக்க முடியும்?

கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறவங்களுக்கு, உள்ளே இருக்கிற டாக்டர் அதைத்தான் படிச்சிருக்கணும். வேற ஏதோ படிச்சுட்டு ஆர்வத்துல வந்தவர் வேண்டாம். மருத்துவம், சட்டம் மாதிரி சில வேலைகளுக்கு டிகிரிதான் வாசல். 'எதைப் படிச்சா என்ன'ங்கிற டயலாக் எல்லா இடத்திலயும் செல்லாது மக்களே!

இன்னும் நடந்தா ஐ.ஐ.டி., மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அண்ணா பல்கலைக்கழகத்தோட லெதர் டெக்னாலஜி கோர்ஸை இந்த நிலையத்தோட சேர்ந்துதான் நடத்துறாங்க. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு தோல் தொழில் பக்கத்துலயே இருக்கு. படிப்பும் தொழிலும் கை கோத்து நிக்கிற இடம் இது. இந்த மாதிரி கோர்ஸ்ல இருந்துக்கிட்டு, உள்ளே என்ன இருக்குன்னே பார்க்காம 'ஐ.டி.க்குப் போயிடலாம்'னு சொல்றவங்களா நீங்க? ஒரு தடவை பட்டறைக்குள்ள போயிட்டு வந்து அப்புறம் முடிவு பண்ணுங்க. பிடிக்கலைன்னு சொல்றதுக்காவது முதல்ல அதைப் பார்த்திருக்கணும் இல்லையா?

மத்திய கைலாஷ்ல வலது பக்கம். தரமணி ஏரியா வந்தாச்சு. எந்த டிகிரி முடிச்சவங்களும் அப்ளை பண்ணக்கூடிய ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இங்கேதான். எம்.ஜி.ஆர். ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டும் இங்கேதான். கூடவே, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பொக்கிஷம்... ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார் ஒரு சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். போர்டு எழுதிக்கிட்டே, பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு ஏராளமா சேர்த்தார். அவர் காலத்துக்கு அப்புறம் 1994-ல அதுவே நூலகமா ஆச்சு. இன்னிக்கு ஆராய்ச்சி பண்றவங்க அவரோட சேகரிப்பைத் தேடி வர்றாங்க. தொழில் ஒண்ணு, வாழ்க்கை பூரா செஞ்சது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள சண்டை போடாம இருந்திருக்கு!

எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கங்களேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்சு, பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயரா வேலை பார்த்துக்கிட்டேதான் கதை எழுதினார். ஒண்ணை விட்டுட்டுத்தான் இன்னொண்ணுன்னு யார் சொன்னது?

கடைசி ஸ்டாப், டைடல் பார்க். 2000-ல திறந்தாங்க. டிட்கோ, எல்காட்... ரெண்டு அரசு நிறுவனங்களும் சேர்ந்து கட்டினதால பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கூட்டத்துல சிவில், மெக்கானிக்கல், பயோடெக்னு எல்லா டிபார்ட்மென்ட்டும் ஐடி கார்டு மாட்டிக்கிட்டு வரும். கம்பெனியே டிரெய்னிங் கொடுத்து கோடிங் எழுத வெச்சிடுது. எஜுகேஷன் லோன் தவணை கட்ட வேண்டிய வீட்டுக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்குத் தெரியும். அதைக் கிண்டல் பண்ண யாருக்கும் உரிமை இல்லை.

ஆனா ஒண்ணு. அந்தக் கூட்டத்துல ரெண்டு வகை ஆட்கள் இருக்காங்க. 'எனக்கு இது வேணும்'னு வந்தவங்க ஒரு வகை. 'எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன்'கிறவங்க இன்னொரு வகை. சம்பளம் ஒண்ணா இருக்கலாம். திங்கட்கிழமை காலை ஒண்ணா இருக்காது.

சரி, கால் வலிக்குதா? பக்கத்துலயே திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன். ஜன்னல் ஓரமா உட்கார்ந்து, பாக்கெட்ல இருக்கிற பேப்பர்ல மூணே மூணு வரி எழுதுங்க.

நான் போக நினைக்கிற வேலைக்கு என் டிகிரி வாசலா, வெறும் டோக்கனா? மாறிப் போறதா இருந்தா, இந்த நாலு வருஷத்துலேருந்து எதைக் கையில எடுத்துக்கிட்டுப் போறேன்? அது சரிவரலைன்னா திரும்பி வர நான் வெச்சிருக்கிற தேதி என்ன?

மூணுக்கும் பதில் வந்துட்டா, அப்பா போன் பண்ணி "என்னப்பா பண்ற?"னு கேட்கிறப்போ தைரியமா பேசுங்க. பதில் வரலையா? பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமையும் அந்த ரோடு அங்கேயேதான் இருக்கும். மறுபடி ஒரு நடை நடந்து பாருங்க!