ரோசா வாளி

என் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை இருந்தது. குரொய்ட்ஸ்பேர்க், டியர்கார்டன், வெடிங் என்ற மூன்று வட்டாரங்களிலும் குடியிருக்க அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது ஜேர்மன் தெரியாது. அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சுழிபுரத்து அண்ணைதான் வாசித்துச் சொன்னார். “மூண்டு இடத்தில இருக்கக்கூடாதாம் தம்பி. மற்ற இடமெல்லாம் இருக்கலாமாம்.”

மற்ற இடமெல்லாம் எப்படி அண்ணை என்று கேட்டேன்.

“அங்க வாடகை குடுக்க எங்களுக்கு ஏலாது” என்றார்.

1975இல் மேற்கு பேர்லின் அரசு கொண்டுவந்த விதி அது. துருக்கியத் தொழிலாளர் குடும்பங்கள் அந்த மூன்று வட்டாரங்களிலும் நிறைந்துவிட்டனவாம்; இனி வெளிநாட்டவர் புதிதாக அங்கே குடிபோகக் கூடாதாம். நான் வந்தது 1984 நவம்பரில். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்குக்காரர்கள் இடைவழி விசா குத்தி அனுப்பினார்கள். ஃபிரீட்ரிக் வீதி நிலையத்தில் ரயிலேறினால் சில நிமிடத்தில் மேற்கு. அங்கே கடவுச்சீட்டைக் கேட்க ஆளில்லை. பேர்லின் சுவரை நாட்டெல்லை என்று ஒப்புக்கொள்ளாத மேற்கு அரசு, அதனடியில் அதிகாரியை உட்காரவைத்துச் சோதித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அந்த வீம்பின் ஓட்டைக்குள்ளால் வந்த தமிழர் ஏராளம். 1985 நடுப்பகுதியில் ஓட்டையை அடைத்தார்கள். நான் முந்திக்கொண்டேன்.

குரொய்ட்ஸ்பேர்க்கில் குடியிருக்கத்தான் தடை, நடக்கத் தடையில்லை. மூன்று வருடம் அநேகமாக ஒவ்வொரு இரவும் நடந்தேன், கையில் ஒரு வாளி ரோசாப்பூவோடு.

எண்பதுகளில் ஜேர்மனியின் பார்களில் இரவு ரோசாப்பூ விற்றவன் பல இடங்களில் தமிழன்தான். நம்மவர்கள் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஊருக்குப் போட்ட கடிதங்களிலேயே எழுதவில்லை. ‘பூக்கடையில் வேலை’ என்று நான் அம்மாவுக்கு எழுதினேன். பூ இருந்தது, கடை இல்லை. அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சோசியல் காசு வயிற்றுக்குப் போதும்; என்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் பட்ட கடனுக்குப் போதாது. பூ வந்தது குரொய்ட்ஸ்பேர்க்கின் மொத்தப் பூச்சந்தையிலிருந்து. விலைபோகாமல் நின்றதை ஒருவர் மலிவாக எடுத்து, ஆளுக்கு நாற்பது என்று பிரித்துத் தருவார். கறுத்த வெளியிதழை உரித்து, தண்டைச் சரிவாக வெட்டி, மினுங்கும் தாளில் சுற்றினால் முந்தநாள் பூ இன்றைய பூவாகிவிடும். ஒன்று மூன்று மார்க். விடிவதற்குள் இருபது விற்றால் நல்ல இரவு.

அந்த வட்டாரத்துக்கு அப்போது ஒரு மாயம் இருந்ததாக இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த மாயம் கட்டப்படாத ஒரு நெடுஞ்சாலையால் வந்தது. அறுபதுகளில் நகரத் திட்டக்காரர்கள் ஒரானியன் சதுக்கத்தில் இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கும் என்று வரைபடத்தில் கோடு கீறினார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரன் கூரை போடுவான்? நிலக்கரி அடுப்பும் படிக்கட்டில் பொதுக் கழிப்பறையுமாக அந்தக் கட்டடங்கள் அப்படியே கிடந்தன. மூன்று பக்கமும் பேர்லின் சுவர் வேறு. அதைத் தாண்டி எங்கும் போக முடியாது என்பதால் அந்த வழியால் போவாரும் இல்லை. பின்னர் சாலைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கோடு அழிந்தது, ஒழுகிய வீடு ஒழுகியபடி நின்றது.

அந்த வெறும் வீடுகளுக்குள் பூட்டை உடைத்துக்கொண்டு பிள்ளைகள் குடியேறினார்கள். 1981இல் மேற்கு பேர்லினில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் அப்படிப் பிடிக்கப்பட்டிருந்தன. நகரம் நேச நாட்டுப் படைகளின் பொறுப்பில் இருந்ததால், அங்கே வசிப்பவனுக்குக் கட்டாய இராணுவ சேவை இல்லை. துப்பாக்கி தூக்க விரும்பாத மேற்கு ஜேர்மன் பையன்கள் பெட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் துப்பாக்கிக்குத் தப்பி வந்தவன்தான். எங்களுக்குள் வேறு ஒற்றுமை கிடையாது. பார்களுக்கு மூடும் நேரம் என்ற ஒன்று 1949 முதலே இல்லை. வாடகை இல்லை, இராணுவம் இல்லை, மூடும் நேரம் இல்லை. இந்த மூன்று ‘இல்லை’யையும் சேர்த்துத்தான் பிறகு வந்தவர்கள் ‘மாற்றுக் கலாசாரம்’ என்று பெயர் வைத்தார்கள்.

பங்க் பிள்ளைகள் ஒருநாளும் பூ வாங்கியதில்லை. பச்சைத் தலைமயிரும் ஊசி குத்திய காதுமாய் இருப்பார்கள். பூவுக்குக் காசு இல்லை என்பார்கள், ஆனால் பியர் வாங்கித் தருவார்கள். வாங்கியவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்களும், சண்டை போட்டுச் சமாதானமான சோடிகளும். ஒரானியன் வீதியில் ஒரு க்னைப்பே இருந்தது. ஜேர்மன்காரரின் க்னைப்பேயை நான் தவறணை என்றுதான் சொல்வேன், புகையும் சத்தமும் எங்கள் ஊர்த் தவறணைதான். அங்கே தாடிக்காரர் ஒருவர் என் வாளியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியவை இரண்டு சொற்கள்: ரோசா, கால்வாய். பூவைக் கொண்டுபோய்க் கால்வாயில் போடச் சொல்கிறார் என்று நினைத்து மனம் நொந்து வெளியே வந்தேன். ஐந்தாறு வருடம் கழித்து, மொழி பிடிபட்ட பிறகு, இடதுசாரித் தலைவர் ரோசா லுக்செம்பேர்க்கைப் பற்றி வாசித்தேன். 1919 ஜனவரியில் அவரைக் கொன்று லாண்ட்வேர் கால்வாயில் போட்டார்கள். குரொய்ட்ஸ்பேர்க்குக்குள்ளால் ஓடுவதும் அதே கால்வாய்தான். எங்களுக்கு ஒரேயொரு ரோசாதான் என்று அந்த மனுசன் சொல்லியிருக்க வேண்டும்.

1987 மே முதலாம் திகதி இரவு கோர்லிட்சர் நிலையத்தடியில் பொல்லே சுப்பர்மார்க்கெட் எரிந்தது. கலவரத்தில் பொலிஸ் பின்வாங்கிவிட்டது. அயல் சனம், கிழவிகள் உட்பட, போத்தல்களும் பெட்டிகளுமாக அள்ளிக்கொண்டு போனது. இடதுசாரிகளின் கதைகளில் அது ஒரு திருவிழா. 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடை எரிந்ததைக் கண்ட எனக்குக் கால் நடுங்கியது. வாளியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தேன். கடைக்குத் தீ வைத்தவன் அரசியல் எதுவும் இல்லாத, நெருப்பில் பித்துக்கொண்ட ஒருவன் என்பது பிறகு தெரியவந்தது. அந்த மூலையில் இன்று ஒரு பள்ளிவாசல் நிற்கிறது.

சுவர் விழுந்த மறுநாள் குரொய்ட்ஸ்பேர்க் நகரின் ஓரத்திலிருந்து நகரின் நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு கல்லைக்கூட யாரும் நகர்த்தவில்லை. ஆனால் இரவு அங்கே தங்கவில்லை, உடனே கிழக்கே போனது. அங்கே சொந்தக்காரர் யாரென்று தெரியாத கட்டடங்கள் நிறையக் கிடந்தன. 1991இல் லைப்சிக் வீதியில், இடிந்துபோன ஒரு பழைய பேரங்காடியின் பணப்பெட்டக அறைக்குள் ட்ரேசர் என்ற டெக்னோ கிளப் திறந்தது. நான் பூவை விட்டு உணவகமொன்றின் குசினிக்குப் போய்விட்டேன். முருகன் மட்டும் குரொய்ட்ஸ்பேர்க்கில் குடியிருந்தார். ஊர்பான் வீதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில்தான் எங்கள் கோயில் தொடங்கியது. இப்போது அவருக்கு பிரிட்ஸில் தனிக் கோயில்.

இரவு திரும்பி வந்தது விமானத்தில். 2004இல் ஈசிஜெட் நிறுவனம் ஷோனஃபெல்ட்டைத் தளமாக்கியது. நான் கையில் ஒரு பையோடு நடுங்கிக்கொண்டு இறங்கிய அதே ஷோனஃபெல்ட். வெள்ளி இரவு இலண்டனிலும் பார்சிலோனாவிலும் ஏறிய பிள்ளைகள் ஆடிவிட்டு ஞாயிறு இரவு திரும்பினார்கள். ஓபர்பவும் பாலத்தடியில் ஆற்றைப் பார்த்தபடி வாட்டர்கேட் கிளப் 2002இலேயே திறந்திருந்தது. அதன் பிறகு குரொய்ட்ஸ்பேர்க்கின் இரவுக்கு ஒரு புதுச் சத்தம் வந்தது. பாட்டுச் சத்தம் பழையது. இது உருளும் பெட்டிகளின் சத்தம்; கல் பாவிய நடைபாதையில் சின்னச் சில்லுகள் கடகடவென்று போகும். வீடுகள் நாள்வாடகைக்குப் போயின. அதன்பின் விலைக்குப் போயின.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய குரொய்ட்ஸ்பேர்க்கை நினைத்து அழும் ஜேர்மன் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு சேர்ந்து என்னால் முழுதாக அழ முடிவதில்லை. அவர்கள் பூட்டை உடைத்துக் குடியேறிய இடத்தில் சாவி கொடுத்தாலும் நான் குடியேறியிருக்க முடியாது. அவர்களுடைய சுதந்திரத்தின் கதவடியில் என் முத்திரை தொங்கியது; அது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. அந்த இரவை முதன்முதலில் வெளியாட்களுக்குக் காசாக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. சுற்றுலாக்காரன் இல்லாவிட்டால் என் பூ விற்றிருக்காது.

ஆனாலும் 2019இல் என் மகள் வீடு தேடியபோது நான் பார்த்தது வேறு. அவள் இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. குரொய்ட்ஸ்பேர்க்கின் கொட்புசர் தோருக்குப் பக்கத்தில் ஒன்றரை அறை வீடு. பார்க்கப் போன இடத்தில் வரிசை மூன்று மாடிப் படியிறங்கி வீதிவரை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு: சம்பளத் துண்டு, கடன் இல்லை என்ற சான்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம். சிலர் தங்கள் நாயின் படத்தையும் வைத்திருந்தார்கள். மகளிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தது, அதில் எந்த முத்திரையும் இல்லை. வீடு கிடைக்கவில்லை. அப்படிப் பதினாறு வீடு பார்த்துவிட்டு நகரோரத்து ஸ்பாண்டவுக்குப் போனாள். நான் பொருமிக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள்: “அப்பா, நீங்களும் அங்க இருக்கேல்லைத்தானே.”

1975இன் விதிக்கு ஒரு அதிகாரி, ஒரு மை, ஒரு ரப்பர் முத்திரை தேவைப்பட்டன. எதிர்த்துக் கத்துவதற்கு ஒரு அலுவலகமாவது இருந்தது. வாடகைக்கு அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இரவுக்காகவே அங்கே வீடு வாங்கியவர்களை இரவு தூங்க விடவில்லை. 1978இல் திறந்த எஸ்ஓ 36 என்ற கிளப் பங்க் இசையின் தாய்வீடு. இடையில் அதே மண்டபத்தில் துருக்கியக் கல்யாணங்களும் நடந்தன. சத்தம் என்று அயலில் புகார் எழுந்து, அந்தக் கிளப் ஒலித்தடுப்புச் சுவர் கட்ட வேண்டிவந்தது. வடக்கே பிரென்ஸ்லவர் பேர்க்கில் 1952 முதல் இருந்த க்னாக் கிளப், பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடிவீட்டுக்காரரின் புகாரால் 2010 முடிவில் மூடியே விட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் காணி வாங்கிவிட்டு மணியை நிறுத்தச் சொன்ன கதைதான். குரொய்ட்ஸ்பேர்க்கின் அட்மிரால் பாலத்தில் கோடையிரவில் நிலத்தில் குந்தியிருந்து பியர் குடிக்கும் கூட்டத்தை இரவு பத்து மணிக்குப் பொலிஸ் வந்து எழுப்பியது. அந்தப் பாலத்து விசயத்தில் நான் தூங்குபவர்களின் பக்கம். வயது காரணமாக இருக்கலாம்.

சனம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2008 ஜூலையில் ஆற்றங்கரையைப் பெருங்கட்டடங்களுக்குக் கொடுக்கும் மீடியாஸ்ப்ரே திட்டத்தை எதிர்த்து வட்டார வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களில் 87 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. 2015இல் ரங்கல் வீதியில் பிசிம் பக்கால் என்ற துருக்கிய மரக்கறிக் கடையை எழும்பச் சொன்னபோது, வாரம் தவறாமல் அயல் முழுக்க அதன் முன் கூடி நோட்டீசைத் திரும்பப் பெறவைத்தது. அடுத்த வருடமே கடை மூடியது. 2020 பெப்ரவரியில் நகரம் வாடகைக்கு உச்சவரம்பு போட்டது. 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் செப்டம்பரில் பெரிய வீட்டுக் கம்பனிகளின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர், செல்லுபடியான வாக்குகளில் 59 சதவீதம், ஆம் என்றார்கள். அந்த வாக்கை மகளும் போட்டாள், ஸ்பாண்டவில்.

மே 2021இல் ஜேர்மன் நாடாளுமன்றம், கிளப்புகளைச் சூதாட்டக் கூடங்களோடு ஒரே பட்டியலில் வைக்காமல் பண்பாட்டு இடங்களாகக் கொள்ள வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. 2024 மார்ச்சில் பேர்லினின் டெக்னோவை நாட்டின் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த வருடக் கடைசி இரவோடு வாட்டர்கேட் மூடியது. மரபு என்று பெயர் வைக்க எங்கள் ஊரிலும் கூத்தாடியின் கால் ஓயும்வரை காத்திருப்பார்கள்.

என் பூ வந்த மொத்தச் சந்தை 2010இல் இடம்பெயர்ந்தது. அந்த மண்டபம் இப்போது எதிரே இருக்கும் யூத அருங்காட்சியகத்தின் கல்விக்கூடம். போன வருடம் உள்ளே போய் நின்று பார்த்தேன். சீமெந்துத் தரையில் ஈரம் இல்லை, இலை மணமும் இல்லை. வாசலில் இருந்த பெண்பிள்ளை ஏதாவது தேடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். இல்லை என்றேன்.

அன்றிரவு ஒரானியன் வீதி வழியாகப் பஸ்சுக்கு நடந்தேன். நள்ளிரவு. முன்னால் மூன்று பேர் மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். மேலே இரண்டாம் மாடியில் ஒரு சன்னலில் வெளிச்சம் வந்து அணைந்தது. நீங்கள் பேர்லினுக்கு வருவதானால் தாராளமாக வாருங்கள். குரொய்ட்ஸ்பேர்க்கையும் பாருங்கள், ஆடுங்கள். பெட்டியை மட்டும் அந்தக் கல் தெருவில் கையில் தூக்கிக்கொண்டு நடவுங்கள். நாலரை மணிக்கு எழும்பி வேலைக்குப் போகிற சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.